வெளிர்பாறையில் ஒரு கருங்கோடு

திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டையில் காதுக்கு வேலை வைப்பது விசைத்தறி. கண்ணுக்கு வேலை வைப்பது ஊரைத் தாண்டியதும் தொடங்கும் பாறை. பள்ளிப்பட்டுப் பக்கம் போனாலும் சரி, ஆர்.கே.பேட்டை, திருத்தணிப் பக்கம் போனாலும் சரி, வயலுக்கு நடுவிலும் ஏரிக்கரை ஓரத்திலும் மொட்டைக் குன்றுகள் தலைகாட்டும். பெரும்பாலானவை வெளிறிய சாம்பல் நிறம். சில இடங்களில் லேசாக ரோஜா நிறம் கலந்திருக்கும். அகன்ற முதுகு, வழவழத்த சரிவு, மழைநீர் ஓடி ஓடிக் கறுத்த தாரைகள். இது ஒரு கல்.

இன்னொரு கல் இப்படி ஆற அமர உட்கார்ந்திருக்காது. கரிய உருண்டைகளாகக் குவிந்து கிடக்கும். ஆனால் குவியல்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். வயல், குன்று, வண்டிப்பாதை எதையும் பொருட்படுத்தாமல் நேர்கோடாகக் கடந்து போகும். யாரோ வேலை மெனக்கெட்டு அடுக்கிவிட்டுப் போனதாகத் தோன்றும். யாரும் அடுக்கவில்லை.

முதலாவது கிரானைட். இரண்டாவது டோலரைட். பாறைக் குழம்பு குளிர்ந்து இறுகியவை என்பதால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டும் தீப்பாறை என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடும். கடைக்காரர் ஒரு படி மேலே போய் இரண்டையும் ‘கிரானைட்’ என்றே விற்பார். டோலரைட்டுக்குக் ‘கருப்பு கிரானைட்’ என்று பெயர். அவர் வியாபாரம் அவருக்கு. ஆனால் இவ்வளவு எதிரும் புதிருமான இரண்டு குணங்கள் ஒரே வம்சத்தில் பிறந்திருப்பதைப் பார்க்க இந்த வட்டாரத்தை விட்டால் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கும். வடகிழக்கில் அடுக்கடுக்காகத் தெரியும் நகரி மலைகளை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். அது மணல் படிந்து இறுகிய குவார்ட்சைட். அழகில் குறைவில்லை, வம்சம் வேறு.

கிரானைட்டைப் பார்க்க வேண்டுமென்றால் குன்றின் தோலைப் பார்க்கக் கூடாது, புதிதாக உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வெறுங்கண்ணுக்கே மூன்று ஆட்கள் தனித்தனியாகத் தெரிவார்கள். கல்லை வெயிலில் மெல்லத் திருப்பினால் சில மணிகள் பளிச்சென்று மின்னி அணையும். அவற்றின் உடைந்த பக்கம் சமதளமாக இருப்பதால் வரும் மின்னல் அது. அவை பெல்ட்ஸ்பார், வெள்ளையாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கும். குன்றுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். நகத்தால் கீறினால் செதிலாகப் பெயர்ந்து வரும் கரும்பழுப்புத் துணுக்கு மைக்கா. நாம் சின்ன வயதில் காக்காப்பொன் என்று பொறுக்கிய அதே சரக்கு. மூன்றாவதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எப்படித் திருப்பினாலும் மின்னாது. எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டாக, சாம்பல் நிறத்தில், எந்த வடிவமும் இல்லாமல் மற்றவர்களின் சந்துபொந்துகளில் அடைந்திருக்கும். அது வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ்.

இந்த மூன்றாமவரின் நிலைமையில்தான் எனக்கு ஈர்ப்பு. தாராளமாக இடம் கிடைத்த வெற்றிடங்களில் குவார்ட்ஸ் ஆறு பட்டையோடு கூர்நுனி வைத்து வளரும். அருங்காட்சியகத்தில் விளக்குப் போட்டு வைக்கிற அழகு அது. கிரானைட்டில் அந்தக் கம்பீரம் எதுவும் வாய்ப்பதில்லை. குழம்பு குளிரும்போது மற்ற தாதுக்கள் பெரும்பாலும் முந்திக்கொண்டு தங்கள் தங்கள் உருவத்தோடு வளர்ந்துவிடுகின்றன. கடைசியில் இறுகுவது குவார்ட்ஸ். மிச்சம் இருக்கிற இடம் என்ன வடிவமோ அதுதான் அதற்கு வடிவம். ஆனால் மழையில் பாறை மட்கி உதிரும்போது கணக்கு தலைகீழாகிறது. பெல்ட்ஸ்பார் களிமண்ணாகக் கரைகிறது, மைக்கா செதிலாகப் போகிறது, குவார்ட்ஸ் மட்டும் அசைந்து கொடுப்பதில்லை. கொசஸ்தலையாற்றுப் படுகையில் காலை உறுத்தும் வெள்ளை மணலில் பெரும்பங்கு, பாறைக்குள் வடிவம் வாய்க்காமல் போன இந்தக் கடைசி ஆள்தான்.

ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். இங்குள்ள வெளிர்பாறை எல்லாம் கலப்பில்லாத கிரானைட் அல்ல. பல இடங்களில் கருப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக நெளிந்திருக்கும். இறுகிய பிறகு மறுபடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாட்டிக்கொண்ட கல் அது. நைஸ் என்று பெயர். ஒரே குன்றில் ஒரு பக்கம் நைஸும் மறுபக்கம் கிரானைட்டும் இருப்பதுண்டு. இந்தக் கட்டுரைக்கு இரண்டையும் வெளிர்பாறை என்றே வைத்துக்கொள்கிறேன்.

டோலரைட் முதல் பார்வைக்கு எதையும் கொடுக்காது. உடைத்தாலும் கருப்பு, திருப்பினாலும் கருப்பு. பார்க்க வந்தவர் பாதிப்பேர் இந்த இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். உடைந்த முகத்தைத் தண்ணீரில் நனைத்து, காலை வெயில் சாய்வாக விழும்படி பிடித்தால் கல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். கருமைக்குள் மெல்லிய கோடுகள், அரிசி முனையைவிடச் சிறியவை, தாறுமாறான திசைகளில் மினுக்கும். ஒவ்வொன்றும் பிளேஜியோகிளேஸ் என்ற பெல்ட்ஸ்பாரின் தகடு. அவற்றுக்கு நடுவே நிரம்பியிருப்பது பைராக்சீன் என்ற கரிய தாது.

உள்ளபடி பார்க்க வேண்டுமானால் நுண்ணோக்கிக்குப் போகத்தான் வேண்டும். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, அடியிலிருந்து ஒளி விடுவார்கள். தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்த்தால் இந்தக் கருங்கல்லும் ஒளியை உள்ளே விடுகிறது! ஒளியை முனைவாக்கும் இரண்டு தகடுகளுக்கு இடையில் வைத்துப் பார்த்தால் பைராக்சீன் மஞ்சளும் நீலமும் செந்நிறமுமாகப் பூக்கும். பிளேஜியோகிளேஸ் கருப்பு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அமைப்பை விவரிக்கப் பொதட்டூர்பேட்டையிலேயே உவமை இருக்கிறது. வெள்ளைத் தகடுகள் பாவு நூல், கரிய பைராக்சீன் ஊடை. ஒன்றுக்குள் ஒன்று ஓடி, எதை இழுத்தாலும் இன்னொன்று விடாத நெசவு. நேர்த்தி தெரிந்த நெசவாளி இதில் ஒரு குறை கண்டுபிடிப்பார்: பாவு நேராக ஓடவில்லை, எட்டுத் திசையிலும் ஓடுகிறது. அந்த ஒழுங்கின்மைதான் இந்தக் கல்லின் பலம். எந்தத் திசையில் அடித்தாலும் குறுக்கே ஒரு இழை நிற்கும்.

நிறத்தில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பிளேஜியோகிளேஸ் இயல்பில் வெளிறிய தாது. அது இவ்வளவு கலந்திருந்தால் கல் சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும். உலகின் பல இடங்களில் டோலரைட் சாம்பல் நிறமே. தென்னிந்திய டோலரைட்டுகள் பலவற்றில், குறிப்பாகத் தெற்கே வர வர, அந்த வெள்ளைத் தகடுகளுக்குள் இரும்பு ஆக்சைடு நுண்பொடியாகப் படிந்து அவற்றை மங்கவைத்திருக்கிறது. ஆழத்தில் நெடுங்காலம் சூட்டிலேயே கிடந்ததன் அடையாளம் அது. வெள்ளையே கறுத்துப் போனால் மொத்தக் கல்லும் கறுப்பதற்குக் கேட்பானேன். கல்லறைக்கல் வாங்கும் ஜப்பான்காரர்களும் சமையல் மேடை போடும் நம்மவர்களும் விரும்பித் தேடுகிற அட்டைக்கருப்பு இப்படி வந்ததுதான்.

காலக்கணக்கு இப்போது அவசியம். இந்தப் பகுதி தார்வார் நிலத்தட்டின் கிழக்கு விளிம்பு. கர்நாடகத்திலிருந்து ராயலசீமை வழியாக இங்குவரை படர்ந்த பழம்பாறை. இதன் கிரானைட்டுகளில் பெரும்பகுதி ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகியவை. அதன் பிறகு இந்த நிலத்தட்டு விரிசல் விட்டது, ஒருமுறை அல்ல, பலமுறை. ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கருங்குழம்பு ஏறி விரிசலை நிரப்பியது. விரிசலில் நின்று இறுகிய அந்தச் செங்குத்துச் சுவருக்குத்தான் டைக் என்று பெயர். தென்னிந்தியாவின் மிகப் பெரிய டைக் கூட்டத்தின் வயது சுமார் 237 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். ஆக, கிரானைட் இறுகி, ஆறி, விறைத்து, பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் சும்மா இருந்த பிறகுதான் டோலரைட் வந்தது. டைனோசர்கள் அழிந்து இன்றுவரை ஆன காலத்தைவிட நீளமான இடைவெளி. டைக் ஆந்திர எல்லையை எந்த அனுமதிச்சீட்டும் இல்லாமல் கடந்து சித்தூர்ப் பக்கம் போவதில் வியக்க ஒன்றுமில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததே 1960 ஏப்ரல் 1 அன்றுதான்.

பிறந்த விதத்திலும் வேகத்திலும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். கிரானைட்டில் சிலிக்கா எழுபது சதவீதத்தை ஒட்டி இருக்கும். 700, 800 டிகிரி செல்சியஸ் அளவில் கெட்டியாகப் பிசுபிசுத்து, பல கிலோமீட்டர் ஆழத்தில் பெரும் திரளாகத் தேங்கிய குழம்பு அது. சுற்றிலும் பாறைப் போர்வை. வெப்பம் வெளியேற வழியில்லை. குளிர்ந்து முடிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அந்த அவகாசத்தில்தான் நகக்கண் அளவு மணிகள் வளர்கின்றன. டோலரைட்டின் குழம்பில் சிலிக்கா ஐம்பது சதவீதத்தை ஒட்டித்தான்; இரும்பும் மக்னீசியமும் கூடுதல். 1,100 டிகிரிக்கு மேல் கொதித்து, நீர்த்து, விரிசலுக்குள் சீறிக்கொண்டு ஏறும். பத்து, இருபது மீட்டர் அகலமுள்ள டைக் என்றால், சுற்றுப்பாறை ஆறிக் கிடக்கும் பட்சத்தில், சில ஆண்டுகளில், மிஞ்சினால் சில பத்தாண்டுகளில் முழுக்க இறுகிவிடும். அதாவது ஒரு மனித ஆயுளுக்குள். 237 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு கல், பிறந்து முடிக்க எடுத்துக்கொண்டது நம் பாட்டன் ஆயுளைவிடக் குறைவான காலம் என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இரண்டும் தொடும் இடத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதுதான்: இந்த இரு கற்களில் எது அழகு என்று தனித்தனியே மார்க் போடுவது வீண்; நயம் முழுக்க அவை ஒட்டியிருக்கும் இரண்டு விரல் அகலத்தில் இருக்கிறது. பழைய கல்குவாரிச் சுவரிலோ, சாலைக்காகக் குடைந்த வெட்டிலோ, ஓடை அரித்த பாறையிலோ அந்த விளிம்பு அகப்பட்டால் அரை நாளை அதற்குக் கொடுக்கலாம். முதலில் கோட்டைப் பார்க்க வேண்டும். வெளிர்பாறையும் கரும்பாறையும் கத்தியால் வெட்டிய துல்லியத்தோடு பிரியும். சாம்பலும் கருப்பும் கலந்து மங்கிய இடைப்பகுதி என்று ஒன்று பொதுவாக இருக்காது. குழம்பு வந்தபோது கிரானைட் திடமாக இருந்தது என்பதற்கு இந்தக் கூர்மையைவிட வேறு சாட்சி வேண்டாம். சில இடங்களில் பெரிய பெல்ட்ஸ்பார் மணி ஒன்று சரிபாதியாகப் பிளந்து நிற்கும். மறுபாதி டைக்கின் எதிர்க்கரையில், இருபது மீட்டர் தள்ளி இருந்திருக்க வேண்டும். தேடி எடுப்பது நடக்கிற காரியமல்ல, தேடத் தோன்றுவது மட்டும் நிற்காது.

பிறகு லென்ஸை டைக்கின் விளிம்பில் வைத்து, நடுப்பகுதியை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். கோட்டை ஒட்டிய கருப்பில் மணியே தெரியாது. சூடான குழம்பு குளிர்ந்த கிரானைட்டைத் தொட்ட கணத்திலேயே விறைத்துப் போன பகுதி அது. படிகம் வளர நேரமில்லை. உடைத்தால் கண்ணாடி உடைந்த மாதிரி வளைந்த சில்லாகப் பெயரும். ஒரு சாண் உள்ளே போனால் மணல் துகளினும் சிறிய மினுக்கல்கள் தொடங்கும். இன்னும் சில அடிகள் போனால் தகடுகள் கோடாகத் தெரியும். டைக்கின் நடுவில் அவை அரை அங்குலத்தில் பாதிகூட வளர்ந்திருக்கலாம். அங்கே குழம்புக்குக் கடைசிவரை சூடு இருந்தது. எதிர்க்கரையை நோக்கிப் போனால் இதே வரிசை திரும்ப வரும்: பெரிது, சிறிது, மிகச் சிறிது, ஒன்றுமில்லை. விளிம்பிலிருந்து நடுவுக்கு நடக்கும் சில அடிகளில், அவசரத்திலிருந்து நிதானத்துக்குப் போகும் முழு வரலாறும் அளவுகோலோடு பதிவாகியிருக்கிறது.

கோட்டின் மறுபக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. சூடு தாக்கிய கிரானைட் சில இடங்களில் ஒரு கை அகலத்துக்குச் சற்றே செம்மை ஏறியிருக்கும். பெரிய டைக்கிலிருந்து விரல் கனத்தில், சில சமயம் நூல் கனத்தில், கருங்கிளைகள் பிரிந்து கிரானைட்டின் மயிரிழை விரிசல்களுக்குள் ஓடியிருக்கும். போகப் போக மெலிந்து முடியும் அந்த நுனிகள்தான் எனக்கு எல்லாவற்றிலும் உயர்வு. குழம்பு எவ்வளவு நீர்த்திருந்தால் அங்கே நுழைந்திருக்கும், எவ்வளவு சீக்கிரம் விறைத்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும் என்று இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த ஒரே இழையில் இருக்கிறது. அபூர்வமாக, டைக்கின் கருப்புக்குள் உள்ளங்கை அளவு வெளிர் கிரானைட் துண்டு ஒன்று மிதந்து நிற்கும். ஏறும் வழியில் சுவரிலிருந்து பிடுங்கி வந்தது. கரைவதற்குள் சுற்றிலும் இறுகிவிட்டது.

இந்த விளிம்பைப் பார்த்தவருக்கு மற்ற வித்தியாசங்கள் எல்லாம் அதிலிருந்தே புரிய வரும். எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன அடி கிரானைட் சுமார் 75 கிலோ. அதே அளவு டோலரைட் 85 கிலோவைத் தொடும். அதிகப்படியான பத்துக் கிலோ இரும்பு கலந்த தாதுக்களின் சம்பளம். ஓசையிலும் வேறுபாடு உண்டு. சிற்பிகள் கல்லைத் தட்டி ஓசையை வைத்து ஆண்கல், பெண்கல் என்று தரம் பிரிப்பது பழைய வழக்கம். விரிசல் இல்லாத டோலரைட் துண்டைச் சுத்தியலால் தட்டினால் உலோகத்தின் கணீர் கேட்கும். கிரானைட் அவ்வளவு வாய்திறப்பதில்லை. பெரிய மணிகளின் எல்லைகளில் ஓசை தட்டுப்பட்டு மழுங்குகிறது.

இந்தக் கணீரைப் புதிய கற்கால மனிதர் கேட்டிருக்கிறார்கள். கர்நாடகத்தில் பெல்லாரிக்கு அருகே குப்கல் என்ற ஊரில் கிரானைட் குன்று ஒன்றின் மேல் டோலரைட் டைக் ஒன்று ஓடுகிறது. அந்தக் காலத்து மக்கள் அந்தக் கருங்கல்லைச் செதுக்கித் தேய்த்துக் கோடரிகள் செய்தார்கள், அதன் முகத்தில் திமில் காளைகளைக் கொத்தினார்கள், சில பாறைகளில் குழி விழும் அளவுக்குத் தட்டி ஒலி எழுப்பினார்கள். இதை ஆராய்ந்த தொல்லியலாளர் நிக்கோல் பொய்வின் 2004-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தக் குன்று இசைப்பாறை என்று உலகப் புகழ் பெற்றது. தமிழ்நாட்டில் பையம்பள்ளி அகழாய்விலும் மெருகேற்றிய கற்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் மிகப் பழைய குடிகளுக்கு இந்த இரண்டு கற்களிலும் நாட்டம் இருக்கவில்லை. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில், புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-இல் கண்டறிந்த அதிரம்பாக்கத்தில், பதினைந்து லட்சம் ஆண்டு பழமையான கைக்கோடரிகள் கிடைத்தன. அவை குவார்ட்சைட். சில்லு எடுத்துக் கூராக்குவதற்கு அது ஏற்ற கல். தேய்த்துக் கூராக்கும் பொறுமை மனிதனுக்கு வந்த பிறகுதான் டோலரைட்டுக்கு மவுசு வந்தது.

இரண்டு கற்களும் வெயிலிலும் மழையிலும் உருண்டையாகத்தான் முடிகின்றன. உருண்ட விதம் வேறு. பல கிலோமீட்டர் பாறையின் அடியில் பிறந்த கிரானைட், மேல்சுமை அரித்துப் போனதும் தளர்ந்து விரிகிறது. அதனால் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாக விரிசல் விடும். மொட்டைக் குன்றின் வழவழப்பான முதுகு இப்படி உரிந்த தகட்டின் அடிப்பக்கம். பழைய கல்லுடைப்போர் இந்தக் குணத்தை அறிந்து, பாறைமேல் விறகை எரித்து நகர்த்தி, சூட்டில் தகடு கிளம்பும்படி செய்தார்கள். கல்தூண்களும் பாவுகற்களும் அப்படி எடுத்தவை. உளியால் வரிசையாகக் குழி போட்டு, இரும்பு ஆப்பை இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டினால் கிரானைட் சொன்ன கோட்டில் பிளக்கும்.

டோலரைட் இந்தப் பணிவைக் காட்டாது. குளிர்ந்து சுருங்கும்போதே அது சுவருக்குக் குறுக்காக வெடித்து, கட்டம் கட்டமாகப் பிரிந்துவிட்டிருக்கும். அந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, மூலைகளைத் தின்று, தோல் தோலாக உரித்து, உள்ளே உருண்டையை மட்டும் விட்டுவைக்கும். மேல்தோல் துருவின் செம்பழுப்பு. உடைத்தால் துரு, பிறகு ஒரு பச்சை கலந்த சாம்பல் வளையம், அதற்குள் அசல் கருப்பு. குவாரிக்காரர்களுக்கு இதில் பாதிக்கு மேல் கழிவு. நல்ல பெரிய கட்டி கிடைத்தாலும் அதைத் தண்ணீர் ஊற்றி உலரவிட்டுப் பார்ப்பார்கள். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் ஈரக் கோடு ஒன்று நின்றால் அங்கே விரிசல். விலை அந்தக் கோட்டில் தொங்கும்.

கிணற்றுக்கும் இந்தக் கருஞ்சுவருக்கும் தொடர்பு உண்டு. மணிமணியாகச் சிதைந்த வெளிர்பாறைக்குள் ஊறி வரும் நிலத்தடி நீர், குறுக்கே நிற்கும் டைக்கில் மோதித் தேங்கும். சுவருக்கு மேல்புறம் உள்ள கிணற்றில் தண்ணீர் இருக்க, சில நூறு அடி தள்ளிக் கீழ்ப்புறக் கிணறு வறண்டு கிடக்கலாம். பாகப்பிரிவினையில் எந்தப் பக்கம் வாங்க வேண்டும் என்று யோசிக்கிறவர் கருங்கல் வரிசை எங்கே ஓடுகிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வருவது நல்லது.

தென்கிழக்கே சென்னையை நெருங்கினால் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் மூன்றாவதாக ஒரு கல் வந்து இந்தக் கணக்கைக் குழப்பும். கலவையில் கிரானைட்டுக்கு நெருக்கம், நிறத்தில் எண்ணெய்ப் பசை ஏறிய கருநீலச் சாம்பல். டோலரைட்டின் உறவான ஒரு பைராக்சீன் அதில் இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகை என்பதால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் இதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். கல்லின் கருப்பை மட்டும் நம்பி டோலரைட் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒன்று போதும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. நூலில் கட்டிய சிறு காந்தத்தை உடைந்த முகத்தருகே தொங்கவிட வேண்டும். பெரும்பாலான கிரானைட்டுகளிடம் அது அசையாது. டோலரைட்டிடம் லேசாகச் சாயும். உள்ளே மேக்னடைட் துகள்கள் இருக்கின்றன. இறுகிய நாளில் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையை இத்துகள்கள் இன்னும் விடவில்லை. அந்த 237 கோடி ஆண்டு டைக்குகளில் அளந்து பார்த்தபோது, உள்ளே உறைந்த காந்தத் திசை கிட்டத்தட்டச் செங்குத்தாக நின்றது. காந்த ஊசி செங்குத்தாக நிற்பது துருவத்தை ஒட்டிய இடங்களில். ஆகவே நம் நிலத்தட்டு அப்போது துருவத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சித்திரை மாதத்து வெயிலில் தொட முடியாமல் சுடும் கருங்கல்லுக்குள் துருவத்தின் விலாசம் எழுதியிருக்கிறது.

மெருகைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிரானைட்டைப் பாலிஷ் போடுவது அதற்குச் செய்யும் அநியாயம். உடைந்த முகத்தில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு கோணத்தில் மின்னி அணையும் விளையாட்டு, தேய்த்துச் சமனாக்கியதும் போய்விடும். மிஞ்சுவது புள்ளி போட்ட பரப்பு; அச்சடித்த டைல்ஸுக்கும் அதற்கும் தூரம் குறைவு. டோலரைட் விஷயம் சிக்கலானது. மெருகு ஏற ஏற அது கண்ணாடியாகிவிடும். கல்லைப் பார்க்கக் குனிந்தால் நம் முகம்தான் தெரியும்.

இந்தக் குணத்தையே கலையாக்கியவர் மாயா லின். அவர் வடிவமைத்து வாஷிங்டனில் 1982-இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரின் கருங்கல், பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வெட்டிப் போனது. ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. படிக்க நிற்பவரின் முகம் அந்தப் பெயர்களின் மேல் விழும். கல் வெளிர்பாறையாக இருந்திருந்தால் அந்தச் சுவருக்கு அந்த வேலை தெரிந்திருக்காது.

எழுத்து தெரிவதற்கும் காரணம் உண்டு. மெருகேறிய கருப்பில் ஒளி உள்ளே போய்த் தொலைகிறது. உளியோ மணல் வீச்சோ பட்ட இடத்தில் படிகங்கள் நொறுங்கி ஒளியை நாலா பக்கமும் சிதறடிப்பதால் அது வெளிர் சாம்பலாகத் தெரிகிறது. குப்கல் காளைகள் கண்ணில் பட்டதும் இந்தக் கருப்புக்கும் வெளிருக்கும் உள்ள வேறுபாட்டால்தான். கிரானைட்டில் எழுத்துக்கு ஆழம் வேண்டும், நிழல் வேண்டும். கோயில் அதிட்டானத்துக் கல்வெட்டைப் படிக்கிறவர்கள் விளக்கைப் பக்கவாட்டில் பிடிப்பது அதற்காகவே.

நம் ஊர்களில் தண்ணீர்த் தொட்டி, சமுதாயக் கூடம், நூலகம் என்று எதைத் திறந்தாலும் சுவரில் பதிக்கும் பலகை பெரும்பாலும் மெருகேற்றிய கருங்கல்தான். முன்னிலை, தலைமை, திறப்பாளர் என்று வரிசையாகப் பெயர்கள். எழுத்துப் பள்ளத்தில் தங்க நிறப் பெயின்ட். சில மழைக்காலங்களில் பெயின்ட் செதிலாக உதிர்ந்து, பாதி எழுத்து மஞ்சளாகவும் பாதி சாம்பலாகவும் நிற்கும். முழுக்க உதிர்ந்த பலகைகளைப் பாருங்கள், அவைதான் தூரத்திலிருந்தே படிக்க வருகின்றன. பெயின்ட் பூசாமலே விட்டால் செலவும் மிச்சம், கல்லும் தெரியும்.